வாய்தா கேட்காத நாள்

இன்று காலை நல்ல மழை. மெட்ரோவிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு வருவதற்குள் என் கறுப்புக் கோட்டு தொப்பலாக நனைந்துவிட்டது. கோர்ட்டுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்து உன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோளில் தொளதொளவென்று இருந்தது, கை கொஞ்சம் குட்டை. பைக்குள் கை விட்டபோது விரலில் ஏதோ நெருடியது. இரண்டு கிராம்பு. முகர்ந்து பார்த்தேன். மணம் இன்னும் போகவில்லை.

குறுக்கு விசாரணைக்கு எழுந்திருக்கும் முன்பு நீ ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொள்வாய். "தொண்டைக்கு நல்லதுடி" என்பாய். அந்தத் தொண்டைதான் உன்னைக் கொண்டுபோயிற்று என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே சற்று நேரம் நின்றேன். கீழே காபிப்பொடிக் கடையில் அரைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாடிப்படி அதிர்ந்தது.

இந்தக் கடைக்கு மேலே இரண்டு அறையைப் பிடித்தபோது நமக்கு இருந்த ஒரே தகுதி, ஒரு பெரிய சீனியர் அலுவலகத்தில் வருடக்கணக்கில் வாய்தா வாங்கிக் களைத்துப் போனவர்கள் என்பதுதான். "நம்ம ரெண்டு பேரையும் வாய்தா வாங்கவே பெத்துப் போட்ட மாதிரி அனுப்புறாங்கடி. வா, நாமே ஒரு போர்டு மாட்டலாம்" என்றாய். மாட்டினோம். வாடகை ஒப்பந்தம், விவாகரத்து, பிறப்புச் சான்றிதழில் தப்பாக விழுந்த பெயர், தண்ணீர்க் குழாய்க்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி என்று மல்லேஸ்வரமும் ஸ்ரீராம்புரமும் நம் மாடிப்படி ஏறி வந்தன. நம் குமாஸ்தா நாகராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசி நூலால் வழக்குக் கட்டுகளைத் தைத்தபடி, வருகிறவர்களிடம், "சொல்ப்ப நேரம் இருங்க, மேடம் கூப்பிடுவாங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நீ பேசுவாய், நான் எழுதுவேன். யாரும் வகுக்காமல் தானாக அமைந்த பாகப்பிரிவினை அது. எங்கள் வீட்டில் ரேடியோவைக்கூட மெதுவாகத்தான் வைப்பார்கள். நீயோ ஸ்ரீராம்புரம் சந்தில், மாநகராட்சியில் தெருக்கூட்டும் அம்மாவுக்குப் பிறந்தவள். "குழாயடியில பேசப் பழகின வாய்டி இது. கோர்ட்டுக்கெல்லாம் பயப்படாது" என்று சொல்லிச் சிரிப்பாய். நான் எழுதிய மனுவை நீ வாதாடும்போது பின்வரிசையிலிருந்து கேட்பேன். என் வாக்கியங்கள் உன் வாயில் எழுந்து நடந்து போவதைப் பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் நின்று வாதாட வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

செல்வி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் பெண். நீல யூனிபார்மோடு நேராக வந்திருந்தாள். அக்கா பிரசவத்தில் இறந்துபோக, அந்தக் குழந்தையைக் கைக்குழந்தையிலிருந்து அவள்தான் வளர்த்திருந்தாள். தர்ஷினி என்று பெயர். இரண்டாம் வகுப்பு. குழந்தையின் அப்பா முருகேசன், மனைவி போன துக்கத்தில் வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் வரும். இப்போது திரும்பி வந்து, ஒசூரில் வீடு பார்த்து, மறுமணமும் செய்துகொண்டு, "என் பிள்ளையை என்னிடம் கொடுங்கள்" என்று கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"சட்டப்படி அப்பாதானே மேடம் கார்டியன்? நா சித்திதானே? புடுங்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று செல்வி கேட்டாள்.

பொய்யாக ஆறுதல் சொல்லும் பழக்கம் உனக்கு இல்லை. "சட்டம் அவர் பக்கந்தான் மொதல்ல பாக்கும். ஆனா கொழந்தைக்கு எது நல்லதுன்னு கேக்காம முடிக்காது. அந்தக் கேள்வியை நாம கேக்க வைக்கலாம். நீ மொதல்ல காபி குடி" என்றாய்.

வழக்கு நடந்தது. முருகேசனைக் குறுக்கு விசாரணை செய்தபோது நீ குரலை உயர்த்தவே இல்லை. குழந்தைக்கு என்ன பிடிக்கும், எந்த மிஸ் பாடம் எடுக்கிறார், எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தலை குனிந்து நின்றார். வெற்றி என்று நான் நினைத்தேன். வெளியே வந்ததும் நீ, "பாவம்டி அந்த ஆளு" என்றாய்.

பிறகு ஜட்ஜ் தர்ஷினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். அன்பாகத்தான் பேசியிருப்பார். ஆனால் வெளியே வந்த குழந்தை படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தது. வீட்டுக்குப் போனதும் காய்ச்சல். "சித்தி, நா தப்பா சொல்லிட்டேனா? யாராச்சும் ஜெயிலுக்குப் போவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

அந்த நாட்களில்தான் உன் குரல் கரகரக்கத் தொடங்கியது. ஜலதோஷம் என்றாய். கஷாயம் குடித்தாய். கடைசியில் நான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியபோது குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்ததும் பல வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரகசியம் பேசுவது போலக்கூடப் பேசக்கூடாது என்று உத்தரவு. நீ குழந்தைகள் எழுதி அழிக்கும் வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கிவந்தாய். உன் கையெழுத்தும் உன்னைப் போலவே சத்தமாக இருந்தது. பலகைக்கு வெளியே போய்விடும்.

செல்வியின் வழக்கில் இறுதி வாதம் அந்த வாரங்களுக்குள் விழுந்தது.

"வாய்தா கேட்போம். மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கு, எந்த ஜட்ஜும் மறுக்க மாட்டார்" என்றேன்.

நீ எழுதினாய்: "வேணாம். இவருக்கு டிரான்ஸ்பர்னு பேசிக்கிறாங்க. புது ஜட்ஜ் வந்தா கொழந்தையை மறுபடியும் கூப்பிடுவாங்க."

"அப்ப யார் பேசுறது?"

நீ பலகையின் பின்பக்கத்தைத் திருப்பி எனக்குக் கண்ணாடி காட்டுவதுபோல என் முகத்துக்கு நேரே பிடித்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நாகராஜ் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க மாடுவீங்க மேடம், நல்லாவே செய்வீங்க, தொந்தரை இல்ல" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

அன்று கோர்ட்டில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மடியில் துண்டுக் காகிதங்கள், ஒரு பேனா. முருகேசனின் வக்கீல் தலை நரைத்த அனுபவசாலி. குழந்தைக்குப் பெற்ற தகப்பன் இருக்கிறான், வீடு இருக்கிறது, வீட்டோடு இருக்கும் ஒரு தாயும் இருக்கிறாள் என்று அழகாகப் பேசி உட்கார்ந்தார். நான் எழுந்தேன். எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் பத்தியைச் சொல்லி முடிப்பதற்குள் ஜட்ஜ் பேனாவை உயர்த்தினார்.

"உங்கள் கட்சிக்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாளைக்கு ஆனால்? வருகிற கணவன் இந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்வான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் எழுதியிருந்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. வழக்கம்போல உன் பக்கம் திரும்பினேன். நீ குனிந்து எழுதுவது தெரிந்ததும் உயிர் வந்தது. பதில் வருகிறது என்று நினைத்தேன். காகிதத்தை நகர்த்தினாய். "என்னைப் பாக்காத. அவரைப் பாரு" என்று மட்டும் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய்.

அவரைப் பார்த்தேன். களைத்த, கண்ணியமான முகம். உண்மையாகவே பதில் வேண்டும் என்று கேட்கிற முகம். வாதாட வேண்டியதில்லை, சொன்னால் போதும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"நியாயமான கேள்வி ஐயா. ஆனால் மனுதாரர் மறுமணம் செய்துகொண்டபோது, வருகிற மனைவி இந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்வாளா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் வளைகுடாவில் இருந்த வருடங்களில் இதே கேள்வியோடு செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. குழந்தையோடு வருவேன் என்று சொல்லி அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். உத்தரவாதம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்" என்றேன்.

ஜட்ஜ் குறித்துக்கொண்டார். பிறகு, "தொடருங்கள்" என்றார். தொடர்ந்தேன். செல்வி எப்படி ஷிப்டை மாற்றிக்கொள்கிறாள், அவள் இல்லாதபோது பக்கத்து வீட்டில் யார் சாதம் போடுகிறார்கள், காய்ச்சலில் அந்தக் குழந்தை கேட்ட கேள்வி என்ன என்று காகிதத்தைப் பார்க்காமல் பேசினேன். முடித்து உட்கார்ந்தேன். நீ இன்னொரு துண்டை நகர்த்தினாய். "நடுவுல ஒரு வாட்டி மூச்சு விட்டிருக்கலாம்."

குழந்தை செல்வியிடமே இருக்கலாம், அப்பா ஞாயிறுதோறும் பொதுவான ஓர் இடத்தில் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. செல்வி உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ என்ன செய்தாய்? பலகையை எடுத்து, "எங்க ஆபீஸ்லயே பாக்கலாம்" என்று எழுதி, வராந்தாவில் தனியாக நின்றிருந்த முருகேசனிடம் போய்க் காட்டினாய்.

அன்று மாலை உன்னோடு சண்டை போட்டேன். "நாம செல்வியோட வக்கீல். அந்த ஆளுக்கு எதுக்கு நம்ம ஆபீஸைத் திறந்துவிடணும்?" என்றேன்.

"கேஸுதான்டி முடிஞ்சுது. கொழந்தை இன்னும் வளரணும்" என்று எழுதினாய். அடியில் இரண்டு கோடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை முருகேசன் கைக்குழந்தைகள் விளையாடும் கிலுகிலுப்பைப் பொம்மை ஒன்றை வாங்கிவந்தார். அவர் மனத்தில் குழந்தை அந்த வயதிலேயே நின்றுவிட்டிருந்தது. தர்ஷினி செல்வியின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீதான் வெள்ளைப் பலகையில் ஒரு யானையை வரைந்து, என்னவென்று சொல் என்பதுபோல் குழந்தையிடம் காட்டினாய். சொன்னாள். பலகையை அவரிடம் நீட்டினாய். அவர் வெகுநேரம் யோசித்து, தான் ஓட்டுகிற பஸ்ஸை வரைந்தார்.

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். "இது பஸ்ஸா? பன்னு மாதிரி இருக்குது" என்றாள்.

அப்பாவிடம் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. முருகேசன் சிரித்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து மாடிப்படிக்குப் போனவர் நெடுநேரம் திரும்பவில்லை. செல்வி தானே தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், "உள்ள வாங்க மாமா" என்று கூப்பிட்டாள்.

உன் குரல் திரும்பி வந்தது, பாதிக் குரலாக. அதை வைத்துக்கொண்டே இரண்டு மழைக்காலம் வாதாடினாய். கடினமான வழக்குகளை எனக்குத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடச் சொல்வாய். பிறகு அந்த வளர்ச்சி திரும்பி வந்தது, இந்தத் தடவை புற்று என்ற பெயரோடு. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது உனக்கு எழுதவும் தெம்பில்லை. நாளைக்கு எந்தக் கேஸ் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாய். சொன்னேன். கேட்டபடியே தூங்கிப்போனாய்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று ஸ்ரீராம்புரம் சந்தில் கூட்டம் கொள்ளவில்லை. முருகேசன் வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "யாரு அந்தத் தம்பி? காலையிலருந்து நிக்குது" என்று உன் அம்மா கேட்டார். நாகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆப்போசிட் பார்ட்டி அம்மா" என்றார். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

இப்போது நானே பேசுகிறேன், நானே எழுதுகிறேன். நன்றாகவே பேசுகிறேன் என்று சொல்கிறார்கள். ஆனால் உன்னிடமிருந்து எனக்கு வந்தது பேச்சு இல்லை என்று போன வாரம் தெரிந்தது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வந்தார். மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு துமகூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், கேஸ் போட வேண்டும் என்றார். வக்காலத்தில் கையெழுத்து வாங்க நாகராஜ் பேனாவை எடுத்துவிட்டார். நான் கேட்டேன், "உங்க சம்சாரம் இப்ப இங்க உக்காந்திருந்தா என்ன சொல்லுவாங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க யாருக்கு வக்கீல் மேடம்?"

"உங்களுக்குத்தான். அதனாலதான் கேக்குறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குடிச்சிட்டு வந்து கத்துறேன்னு சொல்லுவா" என்றார்.

"பொய்யா?"

"பொய்யில்ல மேடம்."

மனு இன்னும் போடவில்லை. அந்தப் பெண்ணிடம் போனில் பேசினேன். முதலில் நம்பவில்லை. பிறகு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஆனால் நான் பேசும்போது என் வீட்டுக்காரர் குறுக்கே பேசக்கூடாது என்றாள். பேச மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு வருகிறார்கள்.

நீ போனதிலிருந்து உன் நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. இன்று மாலை நாகராஜும் நானுமாக அதைத் துடைத்து, என் மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டோம். நாளைக்கு அந்தப் பெண்ணை அதில்தான் உட்காரவைக்கப் போகிறேன்.