பள்ளிக் கிணற்றுத் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? எப்போது போன் செய்தாலும் உன் பெண்டாட்டி எடுத்து, நீ தூங்குவதாகச் சொல்கிறாள். ஒரு மனுஷன் எவ்வளவுதான் தூங்குவான்? அதனால்தான் கடிதம்.

ஏரி தெளிந்துவிட்டது. காலையில் கரையில் போய் உட்காருகிறேன். நேற்று நாற்பது நாரைகள் இருந்தன. ஏரிப் பாதுகாப்புச் சங்கத்து ஆட்கள் அதை நம் போராட்டத்தின் வெற்றி என்று மேடையில் பேசுகிறார்கள், நானும் கைதட்டுகிறேன். உண்மையில் சாய ஆலை நஷ்டத்தில் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நாங்கள் தொண்டை கிழியக் கத்தியது ஆலைக்காரன் காதில் விழுந்ததே இல்லை.

இப்போது வேறொருவர் அதை வாங்கித் திறக்கப் பார்க்கிறார். மார்ச் ஐந்தாம் தேதி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். ஆலையால் தண்ணீர் கெடவே இல்லை என்பதற்கு அவர்கள் காட்டுவது அந்தப் பழைய பரிசோதனை அறிக்கையை. ‘பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்தது.’ கீழே உன் கையெழுத்து. அந்தத் தண்ணீரை எப்படி எடுத்தாய் என்று நீ வந்து சொன்னால் போதும்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்குத் தினம் முப்பது பாட்டில் வரும். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாட்டில் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? மகன் இப்போது அதே ஆபீஸில்தான் அதிகாரி. அப்பா மேடையேறினால் அவன் தலையை எங்கே வைத்துக்கொள்வான்?

உனக்கும் எழுபத்திரண்டு ஆகிறது. ஊரெல்லாம் ‘ஏரிக்காரம்மா’ என்று கூப்பிடுவது போதாதா? மகளோடும் பேத்தியோடும் கொஞ்ச நாள் நிம்மதியாக இரு, அக்கா.

எனக்குத்தான் கொஞ்ச நாளாகத் தண்ணீர் இறங்குவதில்லை. வாயில் வைத்தால் தொண்டை மூடிக்கொள்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்கிறார்.

உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

உனக்கு ஞாபகம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பள்ளியில் வாத்தியாராக இருந்த உன் அத்தானுக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. அறிக்கை வந்த அன்று அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் தயங்கியபோது முதல் டம்ளரைத் தானே குடித்துவிட்டுச் சொன்னாராம்: “எங்க மச்சான் சோதிச்ச தண்ணிடா. தைரியமா குடிங்க.”

இரண்டு வருஷம் குடித்தார். மூன்றாம் வருஷம் சிறுநீரகம் போயிற்று, அவரும் போய்விட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளில் நான்கு பேர் போனார்கள். அந்தத் தாய்மார்கள் இன்னும் இதே தெருக்களில்தான் காய்கறி வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அந்தப் பாட்டிலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் இல்லை. ‘நல்ல ரிப்போர்ட் வரணும்’ என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. கிணற்றுப் பக்கமே போகவில்லை. நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். உன் சமையலறைக் குழாயில் பிடித்து, லேபிள் ஒட்டி, நீ போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

இப்போது தினமும் மதியம் அத்தான் வருகிறார். நான் பானையில் தண்ணீர் மொள்ளும்போது பின்னால் வந்து நிற்பது தெரியும். திட்டுவதில்லை, அழுவதில்லை. காலி டம்ளரை நீட்டுகிறார், அவ்வளவுதான். ஊற்றிக் கொடுக்கவும் கை வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

நான் கூட்டத்துக்கு வர மாட்டேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தகுதியில்லை.

தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கூட்டத்தில் வாசித்தேன், ஒரு வரி விடாமல். உன் பெயரைச் சொல்லவில்லை, ‘என் தம்பி’ என்று மட்டும் சொன்னேன். எனக்கு ஒரே தம்பி என்பது ஊருக்கே தெரியும். உன் மகனிடம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

வாசித்து முடித்ததும் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. உனக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னேன்.

அன்று கொல்லையிலிருந்து ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். பாட்டிலைக் கழுவுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். லேபிளை ஒட்டியதையும் பார்த்தேன். அறிக்கை வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் உன் வேலை போகும், ஒருவேளை ஜெயிலுக்கும் போவாய். ஒரு கிணறுதானே என்று நினைத்தேன். உன் அத்தானிடம், வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தம்பி. நான் சொல்லவில்லை.

அவர் போன மறுமாதம் கொடி பிடித்தேன். அதற்குப் பிறகு நான் போன ஊர்வலங்கள், இருந்த உண்ணாவிரதங்கள், எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான். ஊர் என்னைத் தைரியசாலி என்றது. நானும் மாலையைப் போட்டுக்கொண்டேன்.

ஆலைக்கு அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாரும் கைதட்டவில்லை. அந்தத் தாய்மார்களில் ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள். என் மகள் முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான்கு நாளாகிறது. போனை எடுக்கவில்லை.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அக்கா