சந்தைக்குள் போனால் திணறுகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ போனை எடுப்பதில்லை என்பதால் உன் சிநேகிதனிடம் விலாசம் வாங்கினேன். அவனைத் திட்டாதே, நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

விஷயம் உன் கம்ப்யூட்டரைப் பற்றியது. உன்னைக் கெடுத்ததே இதுதான் என்று, நீ வீட்டை விட்டுப் போன அன்றே அப்பா அதைப் பிடுங்கிப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது மறுபடியும் உன் மேசையில் இருக்கிறது. அவரே இறக்கி, அவரே மாட்டியிருக்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "இந்த கேம் விட்டு விட்டு ஓடுது, என்னன்னு பாரு" என்றார். நீ இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுகிற அதே கேம்தான்.

கேமில் வருகிற காட்டில் ஓரளவு ஓடுகிறது. சந்தைக்குள் போனால் திணறுகிறது, ஆள் கூடினால் உறைந்தே போகிறது. நிழல், தண்ணீர், புகை எல்லாவற்றின் தரத்தையும் குறைத்தேன். மரங்கள் பொம்மை மாதிரி ஆனதுதான் மிச்சம். மூடியைக் கழற்றி, விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்தேன். சூடு தணிந்தது, திணறல் தணியவில்லை. இணையத்தைச் சந்தேகப்பட்டேன், அதுவும் இல்லை. சலித்துப்போய், "காட்டுலயே விளையாடுங்களேன்ப்பா, இப்ப என்ன?" என்றேன். "அவன் சந்தைக்குத்தானே வருவான்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

கடைசியில் பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். கேமுக்கென்றே நீ தனியாக வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது. அப்பா திரையின் வயரை அதில் செருகாமல், மேலே இருந்த சாதாரண துளையில் செருகியிருக்கிறார். மாற்றிச் செருகியதும் சந்தை வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள்.

கேமில் அப்பாவின் தலைக்கு மேல் 'மேற்பார்வையாளர் (ஓய்வு)' என்று பெயர் இருக்கும். ஆயுதம் வாங்கத் தெரியாது. சந்தைக் கிணற்றடியில் சுவரைப் பார்த்தபடி நிற்பார், திரும்புவது இன்னும் கைவரவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் வெட்டிவிட்டுப் போகிறான். எழுந்து மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறார்.

நீ அவரிடம் பேச வேண்டாம். வெட்டாமல் போனால் போதும். முடிந்தால், கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போடா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலம் விரும்பும்,
அக்கா