ஐஸ்காரர் வீட்டுக் கதவு

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

என் வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நான்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லி எழுதி வாங்கினேன் என்று நினைத்துவிடாதே. எழுத்தைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொன்றும் மூட்டை தூக்குகிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நீ மகள் வீட்டுக்குப் போன கையோடு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பாதியில் விட்டுவிட்டால் நீ சிரிப்பாயே என்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போது தெருவில் நடந்தால் ஒரு பலகையையும் விடுவதில்லை. நம் சந்து முனைச் சுவரில் "இங்கே குப்பை கொட்டாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் அடியில்தான் நம் வீட்டுக் குப்பையைக் கொட்டி வந்தேன். உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

நான் நன்றாக இருக்கிறேன். வீடும் நன்றாக இருக்கிறது. உன் முட்டிகள் இரண்டும் எப்படி இருக்கின்றன? இடது முட்டியைப் பற்றித் தனியாக எழுது. அதுதான் வம்பு பிடித்தது.

ஃபோனில் பேசினால் போதாதா என்பாய். ஃபோனை எடுத்ததும் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நீ பேசுகிறாயா, அவள் பேசுகிறாளா, டிவி பேசுகிறதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போன தடவை அவள் என்ன சொன்னாள்? "அப்பா, அம்மா இனி அந்த ஐஸ் பெட்டிக்குள்ள வந்து இருக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை இவர் வண்டி எடுத்துட்டு வருவார். சாமானைக் கட்டி வைங்க, நீங்களும் ஏறி வந்துடுங்க" என்றாள். நான் உன்னைக் கேட்டேன். நீ "பார்க்கலாம்" என்றாய். உன் "பார்க்கலாம்" எனக்குத் தெரியாதா? என்னைவிட உனக்கு வேண்டியவர் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் அது உன் வாயில் வரும்.

நீ கிளம்பிய காலையில் சொன்னதை நான் மறக்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்தாய். சுவர் ஐஸாக இருந்தது. "ஆயுசு முழுக்கக் குளிர்க் கிடங்குல வேலை பார்த்தீங்க. கடைசில வீட்டையும் கிடங்கா ஆக்கிட்டீங்க. இந்த வீடு சூடாகட்டும், அப்ப வரேன்" என்றாய். கோபத்தில் சொன்னதாக இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். நான் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டேன்.

விரல் மரத்துவிட்டது. மீதி நாளைக்கு.

புதன்கிழமை

நேற்று எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது! மனசுக்கு அத்தனை சந்தோஷம்.

இப்போது வேலைக்கு வருகிறேன். மீனும் பட்டாணியும் உருகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாதவனுக்கு, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் இருக்கத் தெரியாதா? எல்லாம் அதே வேலைதான், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுகிற மாதிரி. இது எனக்கு இத்தனை காலம் தோன்றவில்லை பார்.

வீடு முழுவதையும் சூடாக்க நம்மால் ஆகாது. ஓர் அறை போதும் என்று முடிவு செய்தேன். நம் படுக்கை அறை. முதலில் கட்டிலை வெளிச்சுவரை விட்டு நகர்த்திச் சமையலறைச் சுவர் பக்கம் போட்டேன். கிடங்கில் சரக்கைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் மேஸ்திரி கத்துவார். நம்மை மட்டும் நான் இத்தனை நாள் சுவரோடு ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன்.

வாசல் அடியில் வரும் காற்றுக்கு என் பழைய யூனிஃபார்ம் கால்சட்டையின் இரண்டு கால்களையும் வெட்டி, உள்ளே கந்தலும் மணலும் அடைத்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். முனைகளைத் தைத்துத் தந்தார். ஒன்றுக்குக் கண்ணும் நாக்கும் வைத்துவிட்டார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, அதைப் பார்த்து நானே ஒரு துள்ளு துள்ளினேன். மறுநாள் சொன்னதற்கு, "பாம்புன்னா பயப்படணும் ஐயா, அதுக்குத்தானே நாக்கு வெச்சேன்" என்று சிரிக்கிறார்.

ஜன்னலுக்கு, டிவி விற்கிற கடையில் பெட்டியோடு தூக்கிப் போடும் குமிழ் பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்கி ஒட்டினேன். ஒட்டுவதற்குள் பாதிக் குமிழை உடைத்துவிட்டேன். அது ஒரு கெட்ட பழக்கம், கையை எடுக்க முடியவில்லை. பிறகு ஜன்னல் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை வைத்துப் பசை போட்டு மூடினேன். தரைக்கு, கம்பளக் கடையில் மாதிரி காட்டக் கிழித்து வைத்த துண்டுகள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, புலித்தோல் மாதிரி ஒன்று. அறை இப்போது சர்க்கஸ் கூடாரம் போல இருக்கிறது. நீ திட்டுவாய். ஆனால் வெறுங்காலோடு நின்றுகொண்டு திட்டலாம்.

சின்ன ஹீட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறேன். கரி அடுப்பு எதுவும் உள்ளே வைக்கவில்லை, பயப்படாதே. மேலே காற்றுக்கு ஒரு துவாரமும் விட்டிருக்கிறேன். வெந்நீர்ப் பை இரண்டு, உன்னுடையதற்குப் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிச் சட்டை மாதிரி உறை போட்டிருக்கிறேன். தலைமாட்டில் டீ ஃபிளாஸ்க்.

இவ்வளவு செய்தும் கதவு ஒன்று பாக்கி இருந்தது. நம் படுக்கை அறைக் கதவு உனக்குத் தெரியும், சாத்தினாலும் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும்.

வெள்ளிக்கிழமை

இந்தப் பக்கத்தை நீ மட்டும் படி. மகளிடம் காட்டாதே. காட்டினால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க மாட்டாள், இன்றைக்கே வண்டியை அனுப்பிவிடுவாள்.

எங்கள் பழைய கிடங்கை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்றாம் அறைக் கதவு சாய்த்து வைத்திருந்தது. ஒரு சாண் கனம், நாலு பக்கமும் ரப்பர். எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடிய கதவு! "தூக்கிட்டுப் போக ஆள் இருந்தா எடுத்துக்கோங்க பெரியவரே, எனக்கு இடம் மிச்சம்" என்றார் காவல்காரர். தள்ளுவண்டி பிடித்துக் கொண்டு வந்து, தச்சரை வைத்து நம் அறைக்கு மாட்டியாகிவிட்டது.

அந்தக் கதவுக்குக் கைப்பிடி வெளிப்பக்கம்தான். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க ஓர் இரும்புக் குமிழ் உண்டு. துருப்பிடித்திருந்த அது கழற்றும்போதே கையோடு வந்துவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை என் சட்டைப் பையில் போட்டேன்.

நேற்று மத்தியானம் தச்சர் போன பிறகு, ரப்பர் சரியாகப் படிகிறதா என்று பார்க்க உள்ளே போனேன். கிடங்குக்காரன் உள்ளே போனால் கை தானாகப் பின்னால் போய்க் கதவை இழுத்து மூடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! என் கை தன் வேலையைச் செய்துவிட்டது. "டப்" என்று ஒரு சத்தம். ரப்பர் அருமையாகப் படிந்தது. அப்புறம்தான் சட்டைப் பையில் குமிழ் இடித்தது.

ஃபோன் சமையலறையில். கத்தினேன். ஒரு சாண் கதவு, என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. காற்றுத் துவாரத்தில் வாய் வைத்துக் கத்தினேன். அது ஆள் நடமாட்டமில்லாத பின்சந்துப் பக்கம் இருக்கிறது. ஒரு பூனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஜன்னலை நானே பசை போட்டு மூடியிருக்கிறேன். கண்ணாடியை உடைக்கலாம்தான். ஆனால் உடைத்தால் சூடெல்லாம் போய்விடுமே, மனசு வரவில்லை.

அந்தச் சூட்டைப் பற்றிக் கேள். ஹீட்டர் எரிந்தது அரை மணி இருக்கும், அப்புறம் நானே அணைத்துவிட்டேன். முதலில் குல்லாவைக் கழற்றினேன். பிறகு ஸ்வெட்டரை. பிறகு சட்டையை. தெருவில் எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள், நான் பனியனோடு நின்று வேர்க்கிறேன். மாட்டிக்கொண்ட கவலை ஒரு பக்கம், உன்னைக் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எனக்குத்தான் எழுதத் தெரியுமே! பென்சிலும் நோட்டும் சமையலறை மேஜையில் இருந்தன. அறையில் கைக்குக் கிடைத்தது நீ விட்டுவிட்டுப் போன முட்டிவலிக் களிம்பு. ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டு, கண்ணாடியில் ஒரு முழ உயரத்துக்கு "கதவைத் திற" என்று எழுதினேன். மரியாதையாகத் "திறக்கவும்" என்றுதான் நினைத்தேன், குழாயில் களிம்பு அவ்வளவு இல்லை. வெள்ளைவெளேரென்று விழுந்த எழுத்து, ஒன்றுகூடச் சாயவில்லை.

தெருவில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. காய்கறிக்காரர் நின்று தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், போய்விட்டார். தையல்காரம்மா ஜன்னலுக்கு நான் ஏதோ அலங்காரம் செய்கிறேன் என்று நினைத்துக் கை ஆட்டினார். நானும் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் இன்னும் சந்தோஷமாக ஆட்டினார். கடைசியில் யார் வந்தது தெரியுமா? எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர்! நின்றார், பார்த்தார், நெற்றியில் கை வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. உள்ளே நின்று எழுதியது வெளியே இருப்பவர்களுக்குத் திருப்பிப் போட்ட மாதிரி தெரியும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

காப்பாற்றியது எதிர்ச் சலூன் தம்பி. அவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து கடைக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். அதில் நம் ஜன்னல் தெரிந்திருக்கிறது. மீதியை அவர் வாயால் கேள்: "கண்ணாடில பார்த்தா 'கதவைத் திற'ன்னு இருக்கு. திரும்பிப் பார்த்தா ஒண்ணும் புரியல. மறுபடி கண்ணாடியைப் பார்த்தா மறுபடி 'கதவைத் திற'. கத்தியைக் கீழ வெச்சுட்டேன் ஐயா! யாரோ என் கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னே நினைச்சுட்டேன்."

நல்ல வேளை, பகலில் நம் வாசலை நான் தாழ் போடுவதில்லை. ஓடி வந்து கைப்பிடியைத் திருகினார். அவர் பின்னாலேயே, கழுத்தில் துணியும் ஒரு கன்னத்தில் நுரையுமாக, பாதிச் சவரத்தில் இருந்த மனிதர். கதவு திறந்ததும் இரண்டு பேர் முகத்திலும் சூடு அடித்தது. நான் பிழைத்தேனா என்றுகூடக் கேட்கவில்லை. "ஐயா, கதவைச் சாத்துங்க, சூடு போகுது" என்றார் நுரைக்காரர், உள்ளே வந்துகொண்டே. நான் பாய்ந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மூன்று பேராக உட்கார்ந்திருப்போம். அந்த மனிதர் புலித்தோல் துண்டின் மேல் சம்மணம் போட்டு, "அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போறேனே" என்றார். மீதிக் கன்னத்துக்குச் சவரம் நம் படுக்கை அறையில்தான் நடந்தது. ஒரு முடி கீழே விழவில்லை, நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வகுப்பில் டீச்சர், "நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் போச்சேன்னு அழுகையே வந்துடுச்சுய்யா" என்றார். நடந்ததைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து அவருக்கு மறுபடி கண்ணில் தண்ணீர்.

சனிக்கிழமை

உள்ளேயும் ஒரு கைப்பிடி வைத்தாகிவிட்டது. இன்று காலையில் பூட்டு ரிப்பேர்க்காரர் வந்தார். எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று கேட்டார். உன் உயரத்துக்கு வைக்கச் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. நீ முட்டியை மடக்காமல், எட்டிப் பிடிக்காமல் திறக்கலாம்.

ஜன்னலுக்கு வேறு பிளாஸ்டிக் ஒட்டிவிட்டேன், நடுவில் ஓர் இடம் மட்டும் விட்டு. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சூட்டுக்கு இப்போது ஊரே வருகிறது. தையல்காரம்மா பட்டன் தைக்கிற வேலையை இங்கே கொண்டுவந்துவிடுகிறார். சலூன் தம்பி கடை சாத்திவிட்டு டீ குடிக்க வருகிறார். நுரைக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லாரையும் கம்பளத்தில்தான் உட்கார வைக்கிறேன். உன் நாற்காலியில் யாரையும் விடவில்லை. அதன் மேல் என் நோட்டை வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் சாய்ந்தால் இருமுகிறேன்.

ஒரு குறை மட்டும் சரியாகவில்லை. கட்டிலில் உன் பக்கம். படுக்கப் போகும்போது உன் வெந்நீர்ப் பையையும் நிரப்பி அங்கே வைக்கிறேன். விடிந்து தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கிறது. கதவு சரி, ஜன்னல் சரி, தரை சரி. எங்கே போகிறது அந்தச் சூடு என்று கிடங்குக்காரன் எனக்கே பிடிபடவில்லை.

மகளிடம் கோபித்துக்கொள்ளாதே. அவள் உன் முட்டியைப் பார்த்துப் பயந்து சொல்கிறாள். மாப்பிள்ளை, நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கொண்டு வரட்டும். ஆனால் நான் ஒரு சாமானையும் கட்டி வைக்கவில்லை. அவ்வளவு தூரம் காலி வண்டியை ஓட்டி வருவானேன்? முன் சீட்டில் உன்னை உட்கார வைத்துக்கொண்டு வரச் சொல். வந்து, அறையில் ஒரு பொழுது உட்கார்ந்து பார். குளிர்ந்தால் அதே வண்டியில் இரண்டு பேரும் போய்விடலாம். நானே ஏறி உட்காருவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் வந்துவிடாதே. தெருவில் நின்று ஜன்னலைப் பார். புதுக் களிம்பு வாங்கி, சலூன் தம்பியிடம் கைக்கண்ணாடி கடன் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாளாக எழுத்தைத் திருப்பிப் போட்டுப் பழகினேன். இப்போது தெருவில் நிற்பவர்களுக்கு நேராகத் தெரிகிறது. ஒரே ஒரு வார்த்தைதான். என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அதை எழுதினால் நீ அங்கேயே படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவாய்.

மகளும் மாப்பிள்ளையும் பேரனும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உன் இடது முட்டியும் நன்றாக இருக்கட்டும்.

சூடு போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும்,
உன் ஐஸ்காரர்