அப்பா போட்ட பூஜ்யம்

அப்பா,

உங்கள் நடுவர் தொப்பியில் இன்னும் விமான எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் எரிந்த வாடை அடிக்கிறது. இரண்டு முறை சோப்பில் ஊறவைத்தும் போகவில்லை. இன்று காலை உங்கள் பேத்தி அதை மாட்டிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்கு வந்தாள். ஐந்து வயது. இரும்புக் கம்பியில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கினாள். தொப்பி மண்ணில் விழுந்தது. இறங்கி வந்து, "மா, எத்தன மார்க்?" என்றாள்.

"ஏழு. உடம்பு நேரா இல்ல."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்படிப் பேசியது நான்தான், ஆனால் அந்தக் குரல் உங்களுடையது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அன்பாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

புக்கிட் ரோத்தான் தோட்டத்துப் பந்துத் திடலில் ஞாயிறுதோறும் ரிமோட்டால் பறக்கவிடும் சின்ன ரேடியோ விமானம் விட்ட காலத்தில், போட்டி மதிப்பெண் என்பது வெறும் வாய்ப்பேச்சு. மூன்று நாற்காலி, மூன்று நடுவர். ஒருவன் வானத்தில் வட்டம் அடித்தால், "அழகா இருந்துச்சுலா, எட்டு போடு" என்பார்கள். வேண்டியவனுக்கு ஒன்பது, வேண்டாதவனுக்கு ஆறு. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான உங்களுக்கு அது ஆகவில்லை. பிறகு கழிக்கும் முறை வந்தது. எல்லோரும் பத்தில் தொடங்க வேண்டும். பதினைந்து பாகை சாய்ந்தால் ஒன்று போகும். கடினமான வித்தையென்றால் கிடைத்ததை மூன்றாலோ நான்காலோ பெருக்குவார்கள். நல்ல முறைதான், மறுக்கவில்லை.

அதை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள்? என் தோசை, என் கையெழுத்து, என் ஜடை எல்லாமே பத்தில் தொடங்கிக் கீழே இறங்கின. "உங்களுக்கு யாரு மார்க் போடுறது?" என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு இரண்டு நாள் நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை.

எனக்குப் பதினேழு வயதில் நானும் விமானம் விட்ட அந்தப் போட்டி. முதல் இருவருக்கு மாநில அணியில் இடம். மகள் விமானம் விடும்போது அப்பா நடுவராக இருக்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்றைக்கு விடமாட்டார்கள். கடைசி வித்தை ஸ்டால் டர்ன். விமானம் செங்குத்தாக ஏறி, உச்சியில் நின்று, ஒரு பக்கமாகத் திரும்பி, வந்த வழியே இறங்க வேண்டும். என் விமானம் உச்சியில் நின்ற கணத்தில் இன்ஜின் இருமியது. பிறகு திரும்பி, கம்பி போல இறங்கியது. மற்ற இரு நடுவர்களும் எட்டு, எட்டு. நீங்கள் பூஜ்யம். அந்த ஒன்றால் மூன்றாம் இடத்துக்குப் போனேன்.

"ஏன்பா?" என்று கேட்டேன்.

"மகளுக்குக் கூட்டிப் போட்டான்னு ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நான் ரிமோட்டைத் தொடவில்லை. அடுத்த வருடமே ஐந்து நடுவர்களை வைத்து, அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிடும் விதி வந்தது. அது ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் உங்கள் பூஜ்யம் குப்பைக்குப் போயிருக்கும். கூட்டத்தில் அதை எதிர்த்துக் கத்தினீர்கள். உங்கள் எண்ணை யாரும் தள்ளக் கூடாது என்ற வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும், "நேர்மையான மனுசன்" என்றார்கள்.

போன மாதம் தஞ்சோங் காராங் வயலோரம் நடந்த போட்டிக்கு ஆள் போதவில்லை என்று என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். இப்போது தாளும் பேனாவும் கிடையாது, கையில் டேப்லெட். அதில் 'பார்க்கவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழுத்தினால் மற்றவர்கள் போட்டதன் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை கண்ணில் வெயில் அடித்தது, அழுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் நின்றார். அந்தக் காலத்தில் உங்கள் அருகே உட்கார்ந்து, நீங்கள் சொல்லும் எண்ணை எழுதியவர்.

"இது அப்ப இருந்திருந்தா உங்கப்பா தப்பிச்சிருப்பாரு," என்றார்.

"என்னக்கா?"

"அன்னைக்கு அவரு பாக்கவே இல்லம்மா. உன் இன்ஜின் இருமுனதும் ஐயோன்னு கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. தொறந்தப்ப ப்ளேன் கீழ வந்திருச்சு. நம்பர் சொல்லுங்கண்ணேன்னு கேட்டேன். வேர்த்து ஊத்துது அவருக்கு. பூஜ்யம்னாரு."

விழுந்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். எனக்காகத்தான் பயந்திருக்கிறீர்கள். அக்கா அதை நல்ல சேதி போலச் சொன்னார். எனக்கோ கோபம் இரட்டிப்பானது. "பார்க்கலம்மா" என்ற ஒரு சொல் போதுமே. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நேர்மை என்று எனக்கு ஒரு பொய்யைக் கொடுத்தீர்கள். பத்து வருடம் அதை நம்பி உங்களை வெறுத்தேன். இப்போது வேறு காரணத்துக்காக வெறுக்கிறேன்.

ஆனால் இதையும் எழுத வேண்டும். காய்ச்சல் இல்லாத நாளிலும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். காலையில் அவள் கம்பியிலிருந்து கையை எடுத்த கணம் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பு நேராக இருந்ததா, கோணலா, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மறுபடியும் திடலுக்குக் கூட்டிப்போனேன். தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

"காலையில அம்மா பாக்கலடி. பயத்துல கண்ண மூடிட்டேன். ஏழுன்னு சும்மா சொன்னேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இது மொதல் தடவ. ஒழுங்கா பாரு," என்று சொல்லிவிட்டுக் கம்பியில் ஏறினாள்.

கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.