என் கணவரோடு மண்ணுக்குள் போன கிரீன் கார்டு குறித்து

அனுப்புநர்
தெமெலினா மாக்லி,
க/பெ. (காலஞ்சென்ற) சக்கெல்லாரிஸ் மாக்லிஸ்,
புனித நிக்கோலாஸ் கோயிலுக்குப் பின்புறம், பொதியா,
கலிம்னோஸ் தீவு, கிரீஸ்.
(முன்பு: டார்பன் ஸ்பிரிங்ஸ், ஃப்ளோரிடா)

பெறுநர்
உயர்திரு வரி அலுவலர் அவர்கள்,
நாட்டை விட்டு நீங்கியோர் கணக்குப் பிரிவு,
அமெரிக்கா.

பொருள்: அமெரிக்காவில் என் குடியிருப்பு முடிந்த நாளாக, என் கணவரை அடக்கம் செய்த நாளையே ஏற்கக் கோருதல், பேத்திக்கு வீடு எழுதிவைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருந்தாலும் அதை வாசிக்க நான் ஆள் தேடவில்லை. மெதுவாக நானே வாசித்தேன். இந்த மனுவும் நானே எழுதுவது. பிழை இருந்தால் என்னுடையது.

1. நானும் என் கணவரும் டார்பன் ஸ்பிரிங்ஸில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கிரீன் கார்டில் வாழ்ந்தோம். அவர் கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்தார். நான் படகுத்துறையில் அதைக் கத்தரித்தேன். அங்கிருந்தவரை வரிக்கணக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை. தங்கள் அலுவலகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

2. 2015 இலையுதிர் காலத்தில் அவருடைய நுரையீரலுக்கு இனி வைத்தியம் இல்லை என்று கைவிரித்தார்கள். சொந்தத் தீவில் அடக்கமாக வேண்டும் என்றார்; அழைத்து வந்தேன். விமானத்தில் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கார்டு அதில்தான் இருந்தது. "திரும்பிப் போகவா போறீங்க? அத எதுக்குத் தடவுறீங்க?" என்று கேட்டேன். "அட்டை இல்லாம எவன்டி உள்ள விடுறான்? மேல போனா சொர்க்க வாசல்ல பேதுருவும் நின்னு கேப்பாரு, பாரு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

3. நவம்பர் 19 அன்று அடக்கம் செய்தோம். அவர் கார்டை அவருடைய சட்டைப்பையில் வைத்தேன். அவர் இல்லாமல் நான் திரும்பப் போவதில்லை என்பதால் என்னுடையதையும் அதோடு சேர்த்து வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள், "மத்தவங்க சிலுவைய வச்சு அனுப்புவாங்க, இவ பிளாஸ்டிக்க வச்சு அனுப்புறா" என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. எனக்கு அது கேலியாகப் படவில்லை. அன்றோடு அமெரிக்காவுக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

4. முடியவில்லை என்று தங்கள் கடிதம் சொல்கிறது. கார்டை விட்டுவிட்டதாகப் படிவம் கொடுத்து, முந்தைய ஐந்தாண்டு வரிக்கணக்கும் சரி என்று உறுதிமொழியோடு கடைசி அறிக்கை தாக்கல் செய்யவேண்டுமாம். படிவம் தங்கள் கைக்கு வரும்வரை, நான் எந்த ஊரில் படுத்து எழுந்தாலும் அமெரிக்காவில் குடியிருப்பவள்தானாம். டார்பன் ஸ்பிரிங்ஸில் எங்களுக்குக் கணக்கு எழுதும் பாண்டெலிஸிடம் தொலைபேசியில் கேட்டேன். "தெமெலினாம்மா, அவங்க கணக்குல நீங்க இன்னும் எங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்கீங்க. காபிக்கு வாங்களேன்" என்றான். பிறகு அவனே குரல் இறங்கி, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றான்.

5. என் கணவர் நீங்கிய நாளைத் தாங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டீர்கள். இறப்புச் சான்றிதழ் போதுமானதாக இருந்தது. ஐயா, அவரை அடக்கம் செய்த நாளில்தான் நானும் நீங்கினேன். எனக்குச் சான்றிதழ் தருவார் இல்லை.

6. எனக்கென்று கேட்பதானால் இந்த மனுவே எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தீவில் தாய்வீடு மூத்த மகளுக்கு. அவளுக்குப் பின் அவளுடைய மூத்த மகளுக்கு. அந்தப் பேத்திக்குப் பாட்டியின் பெயரைத்தான் வைப்போம். என் மகள் செவஸ்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் விட்டுச்சென்ற பெண்ணை நான் வளர்த்தேன். என் பெயர்தான், தெமெலினா. ஃப்ளோரிடாவில் பாலங்களின் தூண்களைத் தண்ணீருக்கடியில் போய்ச் சோதிக்கும் உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் கடலுக்குள் இறங்கி, ஆழத்து அழுத்தத்தால் கால் விளங்காமல் போகாமல், முழுசாக மேலே வந்தவள் அவள் ஒருத்திதான். செப்டம்பரில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் வீட்டை அவள் பேருக்கு எழுதவேண்டும். ஆனால் அந்த உறுதிமொழி இல்லாமல் நான் எழுதிக்கொடுத்தால், வீட்டு மதிப்பில் ஏறக்குறைய பாதியை அவள் அமெரிக்காவுக்கு வரியாகக் கட்ட நேருமாம். வீட்டை விற்றால்தான் கட்ட முடியும். "வீடே வேணாம் பாட்டி, நீ அழாத" என்கிறாள். அவள் வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

7. 2015-ஐ ஏற்றீர்களானால், அதற்கு முந்தைய ஐந்தாண்டுக்கும் கணக்கு இருப்பதால் அந்த உறுதிமொழியை உடனே தருவேன். இல்லாவிட்டாலும், தீவுக்கு வந்தபின் விட்டுப்போன ஆண்டுகளுக்கு இப்போது கணக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் பாண்டெலிஸ். கொடுக்கலாம். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளிலும் நான் அமெரிக்காவில் குடியிருந்தவள் என்று அதில் கையொப்பமிட வேண்டும். அத்தனை நாளும் காலையில் நான் அவருடைய கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நான் இல்லை என்று என் கையாலேயே எப்படி எழுதுவேன்?

8. அன்று கார்டைக் கைவிட்டதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். ஆதாரம் மண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் வழக்கப்படி மூன்று ஆண்டு கழிந்தால் கல்லறையைத் திறந்து, எலும்புகளைத் திராட்சை மதுவில் கழுவிப் பெட்டியில் வைப்போம். ஈஸ்டர் முடிந்ததும் அவருடையதைத் திறக்கிறோம். கழுவப்போகிறவள் நான்தான். பாதிரியாரும் இரண்டு சாட்சிகளும் இருப்பார்கள். கார்டு கிடைத்ததும், அது எங்கே இருந்தது என்று அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்கள்.

ஆகவே, 2015 நவம்பர் 19-ஐயே நான் அமெரிக்காவை விட்டு நீங்கிய நாளாகப் பதிவு செய்து, என் பேத்தி வரிச்சுமை இல்லாமல் வீட்டைப் பெற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் இடம் தராது என்றால் அதையும் தெரிவியுங்கள். தாங்கள் காட்டும் இடத்தில் கையொப்பமிடுவேன், பேத்திக்காக. அவரிடம் பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. ஈரத்தில் கார்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக்கூடும். பிரித்தால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, எடுத்ததும் அப்படியே அனுப்பிவைப்பேன். என்னுடையதைத் தாங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருடையதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எலும்பில் முகம் இருக்காது, ஐயா. அதில் இருக்கும்.

இடம்: பொதியா, கலிம்னோஸ்
நாள்: 04.02.2019

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) தெமெலினா மாக்லி

இணைப்பு: கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல்