ஒன்பது நிமிஷம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் திட்டிவிடுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத் திட்ட எனக்கு வராது.

ஆறு மெயில் போட்டேன். நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் உன் மனைவிதான் எடுத்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கார் அண்ணி" என்று நாலு தடவையும் ஒரே சுருதியில் சொன்னாள். சொல்லிக்கொடுத்த கிளிகூட ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லும். அதனால்தான் உனக்கு அனுப்புகிற படிவப் பெட்டிக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அடுத்த மாதத்து உறைகள் இதற்கு அடியில் இருக்கின்றன. இதைத் தொடாமல் அவற்றை எடுக்க முடியாது.

நம் ஆய்வு எதைப் பற்றியது என்பதே உனக்கு மறந்துபோனதோ என்று சந்தேகமாக இருக்கிறது. பெருங்குடலுக்குள் எண்டோஸ்கோப் குழாயை முனைவரை செலுத்துகிறோம். உள்ளே போகும்போது வழியைத்தான் தேடுகிறோம். சுவரைப் பார்ப்பது குழாயைப் பின்னால் இழுக்கும்போதுதான். முனையைத் தொட்டதும் உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே "ஆறு" என்றோ "ஒன்பது" என்றோ எழுதியிருக்கும். குறைந்தது அத்தனை நிமிஷம் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வெளியே வர வேண்டும். நிதானமாகப் பார்த்தால் புற்றாக மாறக்கூடிய கட்டிகள் கூடுதலாக அகப்படுகின்றனவா? கேள்வி இவ்வளவுதான்.

நீ இதுவரை அனுப்பிய நூற்று நாற்பது படிவங்களிலும் நேரம் ஒன்று ஆறு, இல்லையென்றால் ஒன்பது. ஆறே கால் கிடையாது, ஒன்பதரை கிடையாது. உன் கை என்ன, ரயில்வே கடிகாரமா? முப்பத்திரண்டு படிவத்தில் நோயாளியின் வயது இல்லை. ஒன்றில் டீ டம்ளர் வட்டம் இருக்கிறது, கையெழுத்து இல்லை.

மாமா நன்றாக இருக்கிறார். உன் பெண்ணுக்குப் பல் விழுந்ததாமே. முத்தம்.

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. டீ வட்டத்துக்கு மன்னிப்பு.

நேரத்தை எழுதுவது நான் இல்லை, சிஸ்டர். என் இரண்டு கையும் குழாயில் இருக்கும்போது மூன்றாவது கையால் எழுத நான் என்ன சாமியா? அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முழு எண்ணாகப் போடுகிறார்.

உன் ஆஸ்பத்திரியில் அறைக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு நாற்காலி. இங்கே இருப்பது ஒரே ஒரு குழாய். ஒருவருக்குப் பார்த்து முடித்ததும் அதைக் கழுவி எடுக்க அரைமணி ஆகிறது. காலையில் கதவைத் திறந்தால் பெஞ்சில் பதினாலு பேர். எல்லோரும் முந்தின நாளிலிருந்து பட்டினி, இரண்டு லிட்டர் பேதி மருந்து குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாலு பேருக்கும் ஒரே கழிப்பறை. அங்கே நடக்கிற சண்டையை நீ வந்து ஆய்வு செய்யலாம், நிச்சயம் பரிசு கிடைக்கும். போன மாதம் தையல் வேலை செய்கிற அம்மா ஒருவர் மாலை நாலு மணி வரை காத்திருந்து மயங்கியே விழுந்துவிட்டார். "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் இன்னொரு நாள் பட்டினி, இன்னொரு இரண்டு லிட்டர். நீ சொல்வாயா? என்னால் முடியவில்லை.

நாலாவது ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை, ஆய்வே நின்றுபோகும் என்று அழுதது யார்? அப்போது நான் நல்ல தம்பி. இப்போது நான் ரயில்வே கடிகாரம்.

பல் விழுந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

சிஸ்டர்மேல் பழியைப் போடாதே. அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்த "9" உன்னுடையது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்தும் திருந்தாத அதே வளைந்த வால்.

எண்களைப் பார்க்கிறவரிடம் பேசினேன். மற்ற மூன்று இடங்களிலும் ஒன்பது நிமிஷம் பார்த்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குக் கட்டி கிடைத்திருக்கிறது. உன்னிடம் நூற்றுக்குப் பன்னிரண்டு. அங்கே ஆறு நிமிஷத்தில் கிடைத்ததைவிட இது குறைவு. உன் ஊர்க்காரர்களுக்கு மட்டும் குடல் என்ன பளிங்கிலா செய்திருக்கிறது?

வீடியோப் பதிவுகளை அனுப்பு. ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் பதிவு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான்.

உன் கஷ்டம் எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. இரண்டாவது குழாய்க்காக உங்கள் கண்காணிப்பாளருக்கு நானே எழுதுகிறேன். ஆனால் முடியாததை முடிந்ததாக எழுதிக்கொடுத்தால் இரண்டாவது குழாய் எதற்கு என்றுதான் கேட்பார்கள். இது உன் மண்டையில் ஏறுகிறதா?

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம்.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பி,

ஹார்ட் டிஸ்க் பழுது! பள்ளிக்கூடத்தில் நோட்டைக் கேட்டால் மழையில் நனைந்துவிட்டது என்பாய், கோடைக்காலத்தில்கூட. அப்போது உனக்காக நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அந்த வேலையை அன்றே செய்யாமல் இருந்திருக்கலாம்.

இந்த மாதம் 28-ஆம் தேதி நேரில் வருகிறேன். அக்காவாக இல்லை. என்னோடு நெறிமுறைக் குழுவிலிருந்து ஒருவர் வருவார். சாப்பாடு எதுவும் தயார் செய்ய வேண்டாம் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடு.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

நீ வருவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் பழுதாகவில்லை. இந்தப் பெட்டியின் அடியில் இருக்கிறது.

போன திங்கட்கிழமை ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். வயது நாற்பத்தெட்டு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ரத்தம் ஏழு கிராம்தான் இருந்தது. "போன வருஷம் ஜனவரியில நீங்கதான் டாக்டர் உள்ள பார்த்தீங்க. ஒண்ணுமில்ல, தெம்பா இருங்கன்னு சொன்னீங்க. தெம்பாத்தான் இருந்தேன்" என்று சிரித்தார். மறுநாள் குழாயை விட்டேன். வலப்பக்கத்தில், மடிப்பை ஒட்டி, குடலில் பாதியை அடைத்துக்கொண்டு கட்டி.

அவர் நம் ஆய்வில் இருந்தவர். உறையில் வந்தது ஒன்பது. படிவத்திலும் ஒன்பது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் நாற்பது வினாடியில் வெளியே வந்திருக்கிறேன்.

அந்த மடிப்பு ஒரு நொடி தெரிகிறது. அதன் ஓரத்தில் வெளுப்பாக, தட்டையாக, சளி படிந்த ஒரு திட்டு. நிறுத்திப் பார்த்தால் முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். நான் நிறுத்தவில்லை. அன்றைக்கே பார்த்திருந்தால் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே அறுத்து எடுத்திருக்கலாம் ஒருவேளை.

மற்ற பதிவுகளையும் பார்த்தேன். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். ஒன்றில் இரண்டே கால். வெளியே பதினாலு பேர் இருந்தது பொய்யில்லை, அக்கா. ஆனால் ஒன்பது என்று எழுதச்சொல்லி அவர்களில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

28-ஆம் தேதி வா. நான் அறையில்தான் இருப்பேன்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பி,

ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது கையில் எது கிடைத்தாலும் உன்மேல் எறிந்திருப்பேன்.

இரண்டாவது தடவை படித்துவிட்டு, போன நவம்பரில் நான் அங்கே வந்தபோது கையெழுத்திட்ட சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்துப் படிவங்களைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே விதி எழுதி, நானே வந்தேன். நீ "சாப்பிட்டுட்டுப் பார்க்கலாமே" என்றாய். சாப்பிட்டேன். உன் பெண் படம் வரைந்து காட்டினாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் தம்பிதானே என்று பத்திலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு பதிவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அந்தப் பத்தில் ஆறாவது படிவம் உன் கண்டக்டருடையது. எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

நவம்பரில் நான் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவரை அப்போதே திரும்பக் கூப்பிட்டிருப்போம். ஐந்து மாதம். உன்னைத் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம் இது வந்து நிற்கிறது. அதற்காகத் திட்டாமல் விடப்போவதில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அதில் எனக்கும் ஒரு பங்கு.

குழுவுக்கு இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், உன்னுடையதையும் என்னுடையதையும். ஆய்வுத் தலைமையிலிருந்து விலகிவிட்டேன். உன் நூற்று நாற்பதும் கணக்கிலிருந்து நீக்கப்படும். அதைவிட முக்கியம், அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கிருந்து இரண்டு டாக்டர்களும் இரண்டு குழாய்களும் வருகின்றன. நீ தொடக்கூடாது. வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிற வேலை உன்னுடையது.

கண்டக்டரிடம் நீதான் சொல்ல வேண்டும். வார்த்தையை மெழுகாதே.

அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துவிட்டது. நூற்று நாற்பதில் கண்டக்டர் போக நூற்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். இருவர் ஊர் மாறிப் போய்விட்டார்கள், ஒருவர் வேறு நோயில் இறந்துபோனார். மீதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. இருபத்தாறு பேருக்கு நான் தவறவிட்ட கட்டிகள் இருந்தன. எல்லாவற்றையும் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். ஒருவருக்குப் புற்று ஆரம்பித்திருந்தது. அந்தத் தையல்கார அம்மாவுக்குத்தான். அதுவும் முழுசாக வந்துவிட்டது. அவர் எனக்கு நன்றி சொன்னார். அங்கேயே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

கண்டக்டருக்கு ஆபரேஷன் முடிந்து மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நெறிக்கட்டிகளில் இரண்டில் பரவியிருக்கிறது. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். அவரிடம் சொன்னேன். இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி என்றே சொன்னேன். அவர் மனைவி எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. கண்டக்டர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு வெளியே எத்தனை பேர் டாக்டர்?"

"பதினாலு."

"நானும் படியில தொங்குறவங்களைப் பார்க்காம விசில் ஊதியிருக்கேன். நேரம் ஆயிடுச்சுன்னு." பிறகு சொன்னார்: "அதுக்காக நீங்க பண்ணினது சரின்னு சொல்லலை."

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கள்ல, அதைத்தான் தாங்க முடியலை. பார்க்கலைன்னு சொல்லியிருந்தா வேற எங்கயாவது போயிருப்பேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது.

விசாரணை முடிந்துவிட்டது. எழுத்தில் கண்டனம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து நான் குழாயைத் தொடலாம், ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு பதிவையும் வெளியாள் ஒருவர் பார்ப்பார். நாளுக்கு ஏழு பேர் மட்டும். நீ எழுதிய இரண்டாவது குழாய்க்கும் ஒப்புதல் வந்திருக்கிறது.

ஆனால் அக்கா, நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து மாத்திரை எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிடலாம். நேற்று சிஸ்டர் குழாயைக் கையில் கொடுத்தார், சும்மா பழகிப் பார்க்க. வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

கண்டக்டருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. இருப்பதுபோல் எழுதினால் அது இன்னொரு "ஒன்பது" ஆகிவிடும்.

ஆனால் உன் கடைசிப் பத்திக்குப் பதில் இருக்கிறது: பைத்தியமா உனக்கு? உங்கள் ஊரில் குழாய் பிடிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ மாத்திரை எழுத உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெஞ்சில் இருக்கிற ஏழு பேரும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், இரண்டு லிட்டர் பேதி மருந்தைக் குடித்துவிட்டு! யோசித்துப் பார்த்தாயா அந்தப் பயணத்தை? குற்ற உணர்ச்சி உன்னுடையது, கஷ்டம் மட்டும் அவர்களுக்கா? செய்யத் தெரியாமல் நீ தப்புச் செய்யவில்லை. தெரிந்தும் செய்யாமல் விட்டாய். அதற்கு ஒரே மருந்து செய்வதுதான்.

இங்கே என்னை மறுபடி சாதாரண டாக்டராக வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆய்வை இப்போது நடத்துகிறவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். படிவத்தில் புள்ளி விட்டுப்போனால்கூட எனக்குப் போன் செய்கிறார். மாமா கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

இன்னொன்று. எனக்குப் போன மாதம் ஐம்பது முடிந்தது. ஊருக்கெல்லாம் குடலைப் பார்த்துக்கொள் என்று சொல்கிற நான் இதுவரை பார்த்துக்கொள்ளவில்லை. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் பார்க்கிறேன் என்கிறார்கள். சொந்தக்காரர்களுக்குப் பார்ப்பது நல்லதில்லை என்றும் சொல்கிறார்கள். எல்லாம் எனக்கும் தெரியும்.

18-ஆம் தேதி காலை உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டோக்கன் எடுத்து மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மருந்தை முந்தின நாளே குடித்துவிடுவேன், அதனால் கழிப்பறைக்குப் பக்கத்து இடத்தை யாரும் கேட்கக்கூடாது. என் முறை வரும்போது கூப்பிடு. அவசரமில்லை. வெளியே எத்தனை பேர் சண்டை போட்டாலும் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

முடிந்ததும் என்ன பார்த்தாய் என்பதை மட்டும் சொல். அதை நான் நம்புவேன்.

உன்
அக்கா