எந்தப் படத்துக்கு?

மத்தியானம் காமிராப் பையைத் தலைகீழாக உதறினேன். ஒரு கைப்பிடி மணல் விழுந்தது. தனுஷ்கோடி மணல். கூடவே, பக்கவாட்டுப் பையில் கிடந்த ஒரு மெமரி கார்டும் விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்மேல் இருந்த ஆத்திரத்தில் நான் அங்கே திணித்து, அப்படியே மறந்துபோன கார்டு. விளக்குமாற்றை எடுக்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போன ஆளோடு சண்டை போட முடியாது என்று யார் சொன்னது? காலையிலிருந்து நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை பஸ்ஸில் தனுஷ்கோடி போகிறேன், தனியாக. பூநாரைகள் வந்துவிட்டனவாம். கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருக்கிறேன். காமிரா, இன்னொரு காமிரா, முழங்கை நீளப் பெரிய லென்ஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி லென்ஸ், நடுவாந்திரமாக இரண்டு, முக்காலி, பிளாஷ், பேட்டரிகள், மழை உறை. மூன்று தடவை உள்ளே வைத்து மூன்று தடவை வெளியே எடுத்தாயிற்று. வலது தோள் தேய்ந்துவிட்டது, கனம் தூக்காதீர்கள் என்கிறார் டாக்டர். "ஒரு லென்ஸ் போதாதாம்மா?" என்று வேறு கேட்கிறார், ஒரு இட்லி போதாதா என்பதுபோல.

நீ இருந்தால் இந்த வேலை கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல், நீ கணக்கு. லீவு விட்டால் நான் எங்கே காமிராவைத் தூக்கினாலும் நீயும் வருவாய். கிளம்புவதற்கு முதல் நாள் அமராவதிபுதூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாய்.

"ஏய் ஆச்சி, போட்டோ எடுக்கப் போறியா, பொண்ணுக்குச் சாமான் பரப்புறியா?"

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் பண்டத்தை ஊரே பார்க்கப் பரப்பி வைப்பார்கள். எதிலும் ஒன்றே ஒன்று என்ற பேச்சு கிடையாது. அந்தப் புத்தி எனக்கும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நீ ஜமுக்காளத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி என்னை வகுப்பில் நிறுத்திவைத்ததுபோல் கேட்பாயே, அதைத்தான் தாங்க முடியாது.

"இது எந்தப் படத்துக்கு? படத்தைச் சொல்லு, சாமானை எடுத்துக்க."

அதுதான் உன் சட்டம். எடுக்கப்போகும் படத்தை நான் கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சாமான் வீட்டில். "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று இழுத்தால், "ஒருவேளைங்கிறது படமில்லடி" என்று அலமாரிப் பக்கம் தள்ளிவிடுவாய். என் வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "டீச்சர், எத்தனை மணி பஸ்ஸுக்குப் போறீக? அதுக்குள்ள அந்த முக்காலியையும் கழிச்சு விட்ருங்க" என்று காப்பியை நீட்டுவார்.

இத்தனைக்கும் உன் வாழ்க்கையில் நீ ஒரு படம் எடுத்ததில்லை. உன்னை எடுக்கவும் விட்டதில்லை. காமிராவைத் திருப்பினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாய். "எடுக்குறது நீ, பாக்குறது நான்" என்பாய். படமே எடுக்காதவள் என் பையில் எது இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள், நானும் கேட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அந்தத் தடவை தனுஷ்கோடிக்கு எந்தப் படம் என்று கேட்டாய். இடிந்த சுவர், கடல், வலை காயும் கரை என்றேன். பெரிய லென்ஸைத் தூக்கினாய். பறவை இருந்தாலும் இருக்கும் என்றேன். "இருந்தாலும் இருக்கும்னா, இல்ல" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாய். குட்டி லென்ஸோடு போனோம்.

போனால், தண்ணீர் முழுக்கப் பூநாரை. நூறா இருநூறா தெரியவில்லை, தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. குட்டி லென்ஸில் பார்த்தால் புள்ளி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், "கிட்டக்கப் போகாதீக, எந்திரிச்சுப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ தண்ணீருக்குள் இறங்கி நடந்தாய். எல்லாம் ஒரே அடியாக எழும்பிப் போயின.

நான் கத்தினேன். "லென்ஸையும் விடல, பறவையையும் விடல. உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு" என்றேன். நீ ஈரக் காலோடு வந்து, "அடுத்த வருஷம் பெருசைக் கொண்டாருவோம்டி" என்றாய். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். காரைக்குடி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ ஒரு தடவை கடலை மிட்டாய் நீட்டினாய். நான் வாங்கவில்லை.

அடுத்த வாரமே பேசிவிட்டோம், பரீட்சைத்தாள், வெயில் என்று எதையோ. ஆனால் கத்தியதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் ஒரு காலை நேரத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் என்று சொன்னவளுக்கு அதற்குள் என்ன அவசரம்?

அதற்குப் பிறகு இரண்டு இடத்துக்குப் போனேன், எல்லாச் சாமானோடும். கேட்க ஆளில்லையே. எந்த லென்ஸ் என்று நான் தேடி முடிப்பதற்குள் பார்க்க வேண்டியது போய்விடும். தோள் போனதுதான் மிச்சம். திரும்பி வந்து, எடுத்த படம் எதையும் நான் பார்க்கக்கூட இல்லை.

சாயங்காலம் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அழித்துவிட்டு நாளைக்கு உபயோகிக்கலாம் என்றுதான். புள்ளி, புள்ளி, புள்ளி. நாற்பது படம் தாண்டியதும் நீ இருக்கிறாய்.

முழங்கால் தண்ணீரில் நிற்கிறாய். ஒரு கையில் தூக்கிப் பிடித்த சேலை, ஒரு கையில் செருப்பு. முகத்தை மூடக் கை மிச்சமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறாய், வாய் திறந்திருக்கிறது. அது எனக்கு நினைவிருக்கிறது. "அதை விட்டுட்டு வந்து பாருடி!" உன் பின்னால் அத்தனை பறவைகளும் எழும்புகின்றன. பெரிய லென்ஸ் இருந்திருந்தால் பறவையைப் பிடித்திருப்பேன். நீ அதில் இருந்திருக்க மாட்டாய். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் உன் படம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதிலும் நீதான் ஜெயித்தாய். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

பிறகு உன் சட்டப்படியே பையைக் கட்டினேன். இன்னொரு காமிரா, எந்தப் படத்துக்கு? தெரியாது, வெளியே. முக்காலி, பிளாஷ், நடுவாந்திரம் இரண்டும் அதோடு அலமாரிக்கு. பெரிய லென்ஸுக்குப் படம் சொன்னேன்: பூநாரை, கழுத்து வளைவு, கண். அது உள்ளே. டாக்டர் சொன்ன ஒரு லென்ஸ் அதோடு சரி.

ஜமுக்காளத்தில் குட்டி லென்ஸ் மட்டும் மிஞ்சியது. கையில் எடுத்துக் கண்ணை மூடினேன். அதில் எடுக்க எனக்குத் தெரிந்த படம் ஒன்றுதான். தண்ணீரில் நீ. அதை நாளைக்கு எடுக்க முடியாது. உன் சட்டப்படி அது அலமாரிக்குத்தான் போக வேண்டும்.

துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். தோள் வலிக்கட்டும். எந்தப் படத்துக்கு என்று கேட்க வேண்டுமானால், நீ வந்து கேள்.